அக்குளில் ஒரு கருப்புப் புண்: சித்தூர் – வேலூர் எல்லையின் பனிக்காலக் காய்ச்சல்

ஐப்பசி பிறந்து தை முடியும் வரை எங்கள் எல்லை ஊர்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இரண்டு பெயர்தான் காதில் விழும். ஒன்று டைபாய்டு, இன்னொன்று டெங்கு. குடிபாலா, நரஹரிபேட்டை, பரதராமி, பொன்னை என்று ஆந்திர – தமிழ்நாடு எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் கேட்டாலும் இதே கதைதான். கிராமத்து ஆர்.எம்.பி. டாக்டர் ஊசி போட்டு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, டைபாய்டு என்பார். டவுனில் ரத்தம் பார்த்து பிளேட்லெட் குறைந்திருந்தால் டெங்கு என்பார்கள். இரண்டும் இல்லாத மூன்றாவது காய்ச்சல் ஒன்று, இந்த மாதங்களில் இந்த மண்ணில் மற்ற இரண்டையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது, பெயர்கூடச் சொல்லப்படாமல் நடுவில் நழுவிப் போய்விடுகிறது.

அதன் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்நாட்டு நாளிதழ்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். பெயரில் டைஃபஸ் இருப்பதால் டைபாய்டுக்கு உறவு என்று நினைத்துவிடக் கூடாது. டைபாய்டு அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. இது புல்லிலும் புதரிலும் இருந்து வருவது. கிருமி வேறு, மருந்து வேறு. மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிக்கும் இதற்கும்கூடச் சம்பந்தமில்லை.

இந்தக் காய்ச்சலைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது குணமாகக்கூடியது என்பதுதான். 1948இலேயே மலேயாவின் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு குளோராம்பெனிகால் என்ற மருந்தைக் கொடுத்து நோயாளிகளைக் குணப்படுத்திக் காட்டியது. இன்று கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் பழைய மாத்திரை. ஒன்றின் விலை சில ரூபாய். முதல் வாரத்தில் அதை ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இரண்டாவது வாரம் வரை விட்டுவிட்டால் அதே நோய் ஆளை வென்டிலேட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இத்தனை மலிவான மருந்து கையில் இருந்தும் இங்கே சாவு விழுகிறது என்றால், காய்ச்சலுக்குச் சரியான பெயர் கிடைக்க எடுக்கும் நாட்கள்தான் காரணம். அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று பார்ப்பதற்கே இந்தக் கட்டுரை.

எப்படி வருகிறது

மண்ணில் வாழும் மிகச் சிறிய பூச்சி ஒன்று. எட்டுக்கால் கொண்ட சிலந்திப்பேன் வகை. இதன் குஞ்சுப் பருவத்தில் மட்டும் ஆறு கால். அந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். கண்ணுக்குப் பிடிபடாது. பெரிய பூச்சிகள் மண்ணுக்குள்ளேயே கிடந்து மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழ்கின்றன, மனிதரைச் சீண்டுவதில்லை. குஞ்சுக்கு மட்டும் அடுத்த பருவத்துக்கு வளர ஒரே ஒரு முறை ஏதாவது ஒரு பிராணியின் உடம்பு தேவைப்படுகிறது. அதற்காகப் புல் நுனிக்கும் சருகின் மேலும் ஏறிக் காத்திருக்கும். வழக்கமாக மாட்டிக்கொள்வது எலி, பெருச்சாளி, அணில். அந்த வழியில் நம் கால் போனால் நம் மேலும் ஏறும்.

ஏறியதும் கடிப்பதில்லை. தோல் மெல்லிசாகவும் ஈரமாகவும் உள்ள இடத்தைத் தேடி ஊர்ந்து போகும். துணி இறுக்கிப் பிடிக்கும் இடம் அதற்கு வசதி. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, பாவாடை நாடா கட்டும் இடுப்பு, முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், தொப்புள் என்று போய் நிற்கும். அங்கே தோலைத் துளைத்து, திசுவைக் கரைத்துக் குடிக்கும்போதுதான் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போகிறது. வலிக்காது. பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது. சில நாள் குடித்துவிட்டுத் தானாக விழுந்துவிடும். கடி வாங்கியவருக்கு எதுவும் தெரியாது.

இந்தக் கிருமி தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுகிறது. ஆகவே எலியை மட்டும் ஒழித்து இதை ஒழிக்க முடியாது, பூச்சியே கிருமியின் வீடு. இன்னொன்று, இந்தப் பூச்சிகள் நிலமெங்கும் பரவிக் கிடப்பதில்லை. திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு வரப்பில் ஆயிரக்கணக்கில் இருக்கும், இருபது அடி தள்ளி ஒன்றுகூட இருக்காது. ஒரே வீட்டில் மாமியாருக்கு வந்து மருமகளுக்கு வராமல் போவதும், இரண்டு பேரும் ஒரே தோப்பில் வேலை செய்திருந்தும் ஒருவர் மட்டும் படுத்துவிடுவதும் இதனால்தான். நோயாளியைத் தொட்டாலோ, அவர் தட்டில் சாப்பிட்டாலோ இது ஒட்டாது. படுத்திருப்பவரைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏன் இங்கே, ஏன் இந்த மாதங்களில்

இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் சண்டை போட்ட சிப்பாய்களை இந்தக் காய்ச்சல் கொத்துக் கொத்தாகப் படுக்க வைத்தது. போருக்குப் பிறகு, புது ஆன்டிபயாடிக்குகள் வந்த காலத்தில், தென்னிந்தியாவில் இதைப் பற்றிய பேச்சு அடங்கிப் போனது. மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கியது. 2001இன் கடைசியிலும் 2002இன் தொடக்கத்திலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் காரணம் புரியாத காய்ச்சலோடு வந்தவர்களிடம் இது திரும்பத் தென்பட்டது. 2003இல் அந்த மருத்துவர்கள் எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே குளிர் மாதங்கள் என்ற குறிப்பு இருந்தது. வேலூருக்கும் சித்தூருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆந்திரப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெலுங்குக் குடும்பங்களுக்கும் உடம்புக்கு முடியாமல் போனால் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டி வேலூருக்குப் போவது தலைமுறைப் பழக்கம். அந்த வார்டில் படுத்திருந்தவர்களில் நம் ஆட்களும் இருந்திருப்பார்கள் என்று சொல்ல ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

அதற்குப் பிறகு சி.எம்.சி.யும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே இறங்கி ஒரு பெரிய ஆய்வு செய்தன. 37 கிராமங்கள், 32,000க்கு மேற்பட்ட மக்கள், இரண்டு ஆண்டுகள். முடிவு 2025இல் வெளியானது. அந்தக் கிராமங்களில் ஆண்டுக்கு நூறு பேரில் பத்துப் பேர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை, உடம்பே சமாளித்துவிடுகிறது. ஆனால் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு வந்த காய்ச்சல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஸ்க்ரப் டைஃபஸ். படித்தபோது என்னை உலுக்கிய எண் இந்தக் கடைசி எண்தான். மூன்றில் ஒன்று என்றால் இது அபூர்வ நோய் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் பக்கத்து மண்ணும், பயிரும், மாடும், வேலையும் அந்தக் கிராமங்களில் உள்ளவைதான். பாலாற்றைத் தாண்டியதும் புல்லின் குணம் மாறிவிடாது.

மழை விட்டு ஈரம் காயாமல் இருக்கும் மாதங்களில் பூச்சிக் குஞ்சுகள் பெருகுகின்றன. அதே மாதங்களில்தான் நம் வேலையும் புல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாந்தோப்பில் அடிப்புல் இடுப்புயரம் நிற்கும், அதை அறுத்தாக வேண்டும். கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் பொழுது விடிந்ததும் பெண்கள் அரிவாளும் கோணியுமாக ஏரிக்கரைக்கும் வரப்புக்கும் போய்விடுவார்கள். சித்தூர் மாவட்டத்தில் மழை பொய்த்த வருஷங்களில் பல குடும்பங்களைக் காப்பாற்றியது பால்தான். அந்தப் பாலுக்கான புல்லைத் தலையில் சுமப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கரும்பு வெட்டு தொடங்கியிருக்கும். காப்புக்காட்டு ஓரத்தில் சுள்ளி பொறுக்கப் போவோரும், ஆடு ஓட்டுவோரும் உண்டு. வேலை அலுத்து வரப்பிலேயே உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறப்பார்கள். கொஞ்சம் சாய்ந்து கண் அசருவார்கள். பூச்சிக்கு அது போதும்.

காட்டு ஓரத்தில் இருப்பவர்களுக்குத்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டுப் பின்புறம் விறகு அடுக்கியிருக்கும் இடம், எலி வளை உள்ள குப்பைமேடு, வேலிப் புதர், அதன் மேல் காயப் போட்ட துணி, எல்லாமே வாய்ப்புள்ள இடங்கள். டவுன் விரிவாகிப் புதிதாக வீடு கட்டிய மனைகளில், பக்கத்து மனை முள்ளும் புல்லுமாகக் கிடந்தால் அங்கேயும் இருக்கலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் பத்து நாள் வாக்கில், காய்ச்சல் ஆரம்பிக்கும். சட்டென்று ஏறும். குளிர் நடுக்கம், தலையைப் பிளக்கும் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. சிலருக்கு வாந்தி, வயிற்று வலி, இருமல். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும். பாரசிட்டமால் போட்டால் சில மணி நேரம் இறங்கி மறுபடி ஏறும்.

கிருமி போய் உட்காரும் இடம் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்கள். அதுவும் மிகச் சிறிய குழாய்கள். அந்தச் சுவர் பழுதானால் உள்ளே இருக்கும் நீர் வெளியே கசியும். உடம்பில் சிறிய ரத்தக் குழாய் இல்லாத உறுப்பே இல்லை என்பதால் இது எந்த உறுப்பையும் தாக்கலாம். நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சு வாங்கும். சிறுநீரகம் மந்தமாகும், கண்ணில் மஞ்சள் தெரியும், ரத்த அழுத்தம் விழும். மூளை உறையைத் தாக்கினால் நோயாளி தன்நினைவு தப்பிப் பேசுவார், வலிப்பும் வரலாம். காது மந்தமாகிறது என்று சொல்கிற நோயாளிகளும் உண்டு, அது இந்தக் காய்ச்சலைச் சுட்டும் ஒரு நல்ல துப்பு. இவையெல்லாம் பெரும்பாலும் முதல் வாரம் கடந்த பிறகுதான் வெளியே தெரியும். சிகிச்சையே பெறாதவர்களைப் பற்றிய பழைய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இறந்திருக்கிறார்கள். சில இடங்களில் இது பல மடங்கு அதிகம். சிகிச்சை கிடைத்தவர்களில் அது நூற்றுக்கு ஒன்றரை பேர் அளவுக்கு இறங்குகிறது.

கருப்புப் புண்

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். பூச்சி கடித்த இடத்தில் முதலில் சின்னச் சிவப்புக் கொப்புளம் ஒன்று வரும். அது உடைந்து, காய்ச்சல் வரும் நேரத்துக்குள் நடுவில் கருப்புப் பொருக்கும் சுற்றிலும் சிவப்பு வளையமுமாக நிற்கும். சிகரெட்டால் சுட்ட புண் போல இருக்கும். அளவு அரை சென்டிமீட்டரோ ஒரு சென்டிமீட்டரோ. தொட்டால் வலிக்காது. அக்குள் போன்ற ஈர இடங்களில் கருப்புப் பொருக்கு உதிர்ந்து, வெறும் மஞ்சள் அடியோடு வட்டமான குழிப் புண்ணாக மட்டும் தெரியலாம். அதனால் கருப்பைத் தேடி ஏமாறக் கூடாது. மருத்துவர்கள் இதை எஸ்கார் என்கிறார்கள். நம் பகுதிக் காய்ச்சல்காரர் ஒருவரிடம் இந்தப் புண்ணைப் பார்த்துவிட்டால் அப்புறம் பெரிய யோசனைக்கு வேலையில்லை, ஸ்க்ரப் டைஃபஸ் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். ஆய்வகச் சோதனைக்கு முன்பே கிடைக்கும் விடை இது.

எல்லோரிடமும் இருக்காது. தென்னிந்திய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் தேடினால் கிடைக்கிறது. தேடினால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தேடப்படுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

மருத்துவரின் அறையை நினைத்துப் பாருங்கள். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைக்கு எதிரே முழுக்க உடுத்திய ஒரு பெண், பக்கத்தில் அவர் மகன். நாடி, நாக்கு, வயிறு பார்த்தாயிற்று, ரத்தம் எழுதியாயிற்று. ரவிக்கையைக் கழற்றி அக்குளைக் காட்டச் சொல்ல ஆண் மருத்துவருக்குத் தயக்கம். காட்ட அந்தப் பெண்ணுக்குக் கூச்சம். பாவாடை நாடாவின் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆண்களிடமும் இதே கதைதான். விதைப்பையின் மேல் புண் இருந்தால் அதை வேறு நோய் என்று நினைத்து மறைத்துவிடுவார்கள். எத்தனையோ ஆயிரம் ரூபாய் சோதனை தராத விடை, துணிக்கு அடியில் பத்து நாளாக இருக்கிறது.

என் பெரியம்மா விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். அவர் குடிபாலா பக்கத்துக் கிராமம், இரண்டு கறவை மாடு. கார்த்திகையில் காய்ச்சல். ஊரில் ஊசி, டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் டைபாய்டு என்று சொல்லி நான்கு நாள் ஊசி, காய்ச்சல் இறங்கவே இல்லை. ஒன்பதாம் நாள் மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் வேலூருக்குக் கொண்டு போனோம். அங்கே வந்த இளம் பெண் மருத்துவர் முதலில் கேட்டது, “அம்மா, நீங்க என்ன வேலைக்குப் போவீங்க?”

“மாட்டுக்குப் புல்லறுக்கப் போவம்மா. வேற இன்னா.”

அவ்வளவுதான். திரையை இழுத்துவிட்டு, நர்ஸை வைத்துக்கொண்டு, தலைமுடிக்குள்ளிருந்து கால் வரை பார்த்தார். இடது மார்பின் அடி மடிப்பில் இருந்தது. பெரியம்மாவுக்கே தெரியாது. ரத்தச் சோதனை முடிவு மறுநாள்தான் வந்தது, மருந்து அன்று சாயங்காலமே ஏறியது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, மாட்டுக்கு யார் தண்ணி வைக்கிறார்கள் என்று கேட்டார்.

எனவே காய்ச்சல் நான்கு ஐந்து நாளைத் தாண்டுகிறது என்றால் வீட்டிலேயே தேடுங்கள். கணவனுக்கு மனைவி, அம்மாவுக்கு மகள், பிள்ளைக்குத் தாய். பகல் வெளிச்சத்தில், அல்லது போன் டார்ச்சைப் போட்டு. தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, இரண்டு அக்குள், மார்பின் அடி, தொப்புள், இடுப்பைச் சுற்றி, தொடை இடுக்கு, பிறப்புறுப்பின் மேல், பிட்டங்களுக்கு நடுவில், முழங்காலின் பின்னால். பத்து நிமிஷ வேலை. ஏதாவது தென்பட்டால் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்: “இங்க ஒரு புண்ணு இருக்கு, வலிக்கல.” தென்படாவிட்டாலும் புல், தோப்பு, காடு, ஆடு மாடு என்று எங்கெங்கே போனீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் சோதனைச் சீட்டில் எழுதப்படும் பெயர்களை மாற்றும்.

டைபாய்டு, டெங்கு என்ற இரண்டு பெயர்கள்

டைபாய்டு என்ற பெயர் இங்கே இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்குக் காரணம் வைடால் என்ற சோதனை. 1896இல் வந்தது. ரத்தத்தில் டைபாய்டு கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. நம்மைப் போன்ற ஊர்களில் முன்பு எப்போதோ வந்த தொற்றின் மிச்சம் பலர் ரத்தத்திலும் இருக்கும், வேறு காய்ச்சலிலும் அது ஏறிக் காட்டும். ஒரே ஒரு வைடாலை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று உறுதி சொல்ல முடியாது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுத்து, அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்தான் சரியான சோதனை. அதற்குச் சில நாள் ஆகும், செலவும் கூட. வைடாலோ எந்தத் தெரு லேபிலும் ஒரு மணி நேரத்தில் கிடைக்கிறது.

பெயர் மாறினால் என்ன, ஆன்டிபயாடிக் போட்டாயிற்றே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியைத் தொடாது. பென்சிலின், அமாக்ஸிசிலின் வகைகளும் அப்படியே. இவையெல்லாம் பாக்டீரியாவின் சுவரைக் குறிவைப்பவை. ஓரியன்ஷியாவுக்கு அந்த மாதிரிச் சுவர் இல்லை, போதாததற்கு அது நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகையையும் நம்ப முடியாது. ஐந்து நாள் விலை உயர்ந்த ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், ஊசியின் பவர் போதவில்லை என்று இன்னும் பெரிய ஊசிக்குப் போவதைவிட, பெயர் சரிதானா என்று கேட்பது நல்லது. நம் பகுதியில் அந்தக் கேள்விக்கு முதல் பதில் பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ்தான்.

டெங்கு விஷயம் கொஞ்சம் வேறு. இரண்டிலும் பிளேட்லெட் குறையும், உடம்பு வலிக்கும், தோலில் தடிப்பு வரலாம். பிளேட்லெட் எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் டெங்குக் காய்ச்சல் பொதுவாக ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும், ஆபத்து வந்தால் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வரும். ஸ்க்ரப் டைஃபஸில் காய்ச்சல் வாரத்தைத் தாண்டியும் நிற்கும். டெங்குவில் வெள்ளையணுக்கள் குறையும். இதில் பெரும்பாலும் சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும், கல்லீரல் என்சைம்களும் ஏறியிருக்கும். இரண்டும் ஒரே பருவத்தில் வருவதால் ஒன்றுக்குச் சோதித்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. பப்பாளி இலைச் சாற்றை நம்பி நான்கு நாளைக் கழிப்பது டெங்குவிலேயே சரியில்லை, இதில் அது நேரடி ஆபத்து.

எலிக்காய்ச்சலும் இதே மழைக்குப் பின்தான் வரும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் அதில் அதிகம். அதற்கும் டாக்ஸிசைக்ளின் வேலை செய்யும் என்பது ஒரு நல்ல விஷயம்.

சோதனையும் சிகிச்சையும்

பழைய வைல்-ஃபெலிக்ஸ் சோதனை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. நிறைய நோயாளிகளைத் தவறவிடும் சோதனை அது. இப்போது நம்பிச் செய்வது, ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா. பெரிய அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் வசதி உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். காய்ச்சலின் முதல் சில நாட்களில் எலைசா நெகட்டிவ் காட்டலாம். எதிர்ப்புப் பொருள் உருவாக உடம்புக்கு ஐந்தாறு நாளாவது வேண்டும். மூன்றாம் நாள் நெகட்டிவ் வந்த சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பத்தாம் நாள் வரை அதையே காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. புண் இருந்தால் அதன் பொருக்கைச் சுரண்டி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தால் தொடக்கத்திலேயே தெரியும்.

சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கலாம் என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையைக் கலைத்துவிடும் ஆபத்து உண்டு, ஆகவே அவர்களை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு டாக்ஸிசைக்ளின் பல்லைக் கறையாக்கும் என்ற பழைய பயத்தால் கொடுக்கத் தயங்குவார்கள். குறுகிய நாள் கொடுப்பதில் அந்தப் பயம் தேவையில்லை என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார்.

இதைப் படித்துவிட்டுக் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. மலேரியா, டெங்கு, டைபாய்டு மூன்றையும் தள்ளிப் பார்க்க ஆள் வேண்டும், நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். அப்புறம், மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்கான ஜெலும் கூடவே எடுத்தால் மருந்து உடம்பில் சேராது. பாலோடு விழுங்குவதும் வேண்டாம். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாமல் ஏழு நாளும் போட வேண்டும். மூன்று நாள் ஆகியும் இறங்கவே இல்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம், திரும்பக் காட்ட வேண்டும்.

கடுமையான நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு எது சிறந்தது என்பதற்கும் விடை வேலூரிலிருந்தே வந்தது. சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. டாக்ஸிசைக்ளினை மட்டுமோ அசித்ரோமைசினை மட்டுமோ நரம்பு வழியாக ஏற்றுவதைவிட, இரண்டையும் சேர்த்து ஏற்றினால் நோயாளி சீக்கிரம் தேறுகிறார், சிக்கல்கள் குறைகின்றன. உலகம் முழுக்கப் பின்பற்றத்தக்க இந்த முடிவு நம் வீட்டு வாசலில் கிடைத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அது எல்லை ஓரத்துச் சின்ன மருத்துவமனைகளின் கை வரை வந்து சேர வேண்டும் என்ற ஆதங்கமும் உண்டு.

வராமல் பார்த்துக்கொள்வது

தடுப்பூசி இல்லை. சுவரொட்டிகளில் முழங்கால் வரை பூட்ஸ், முழுக்கால் சட்டை, பூச்சி விரட்டி மருந்து என்று போட்டிருப்பார்கள். சரியான ஆலோசனைதான். ஆனால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கும் பெண்ணுக்கு அந்தப் பூட்ஸை யார் வாங்கித் தருவார்கள்? அரசின் ஊரக வேலைத் திட்டத்திலும் ஏரிக்கரைப் புதர்களை வெட்டுவது இதே பெண்கள்தான். கையுறையும் பூட்ஸும் அங்கே கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

அதுவரை கைக்கு எட்டுவதைச் செய்யலாம். வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம், அது நல்ல பழக்கம். அடியில் ஒரு பழைய பேன்ட்டையும் போட்டுக்கொள்ளலாம். புல் மேல் நேரடியாக உட்காராமல், படுக்காமல், ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய துணியைப் புதர் மேல் வீசக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பலன் தருவது வீட்டுக்கு வந்ததும் செய்வது. பூச்சி ஏறியவுடன் கடிப்பதில்லை, இடம் தேடி அலைகிறது என்று மேலே சொன்னேன். வந்த கையோடு துணியை மாற்றி ஊறப் போட்டு, சோப்புப் போட்டு, மடிப்புகளில் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டால் பல பூச்சிகள் தண்ணீரோடு போய்விடும். ராத்திரி சமையல் எல்லாம் முடித்துக் குளிக்கலாம் என்று தள்ளிப் போடும் வழக்கம் பெண்களுக்கு உண்டு. வேலை செய்து வந்தவர் முதலில் குளிக்கட்டும், அடுப்பை வேறு யாராவது பார்க்கட்டும். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டி வைப்பதும், விறகை வாசலை விட்டுத் தள்ளி அடுக்குவதும் ஆண்களுக்கான வேலையாக இருக்கட்டும்.

தேறியவர்களுக்கு அசதி பல வாரம் இருக்கும். அது மருந்தின் குற்றமில்லை, உடம்பு மெல்லத்தான் மீளும். ஒரு முறை வந்தால் இனி வராது என்றும் இல்லை. இந்தக் கிருமியில் பல வகை உண்டு, ஒன்றுக்கு உருவான எதிர்ப்பு மற்றொன்றை முழுதாகத் தடுக்காது, நீண்ட காலம் நிற்பதுமில்லை. போன வருஷம் இதில் படுத்து எழுந்தவருக்கு இந்த வருஷம் காய்ச்சல் வந்தால், பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு போய், முன்பு ஸ்க்ரப் டைஃபஸ் வந்ததைச் சொல்லி, மறுபடியும் புண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.